தாளத்தில் உட்காராத நூற்றாண்டு

மார்க் போடுகிற வேலையில் இருப்பவர்கள் இருட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தேவையான பயம் அவர்களுக்குப் பட்டப்பகலிலேயே கிடைத்துவிடுகிறது. நான் இரண்டுக்கும் பயப்படுகிறவள்.

அன்று ராத்திரி எட்டு மணி இருக்கும். வீட்டுக்காரருக்கு லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் ஷிப்டு வேலை, சனிக்கிழமைதான் வருவார். வீட்டில் நானும் எட்டு மாதக் கைக்குழந்தையும். கொல்லைப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது, பாட்டு என்றும் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு பத்துப் பேர் சேர்ந்து முனகினால் எப்படி இருக்கும், அப்படி. ஓர் இடத்தில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த மாதிரி சமயத்துக்கென்று கான்வென்டில் ஒரு ஜெபம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது இங்கிலீஷில் இருந்ததால் பாதிக்கு மேல் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் இருந்த பாதியையே நாலு தடவை சொல்லி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

தேனிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. அதில் பி.ஏ. மியூசிக் வகுப்புக்கு இசை வரலாறு எடுக்கிற தற்காலிக விரிவுரையாளர் நான். மூன்று வருஷமாகத் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இந்த மே மாதம் கல்லூரிக் கமிட்டி கூடி முடிவு செய்யும். கடைசி வருஷ வகுப்பில் பதினோரு பெண்கள். செமஸ்டர் முறை வந்ததிலிருந்து இருபத்தைந்து மார்க் எங்கள் கையில். அதற்கு இன்டர்னல் என்று பேர். யூனிவர்சிட்டி பேப்பர் திருத்துகிறவர் முகம் யாருக்கும் தெரியாது. இன்டர்னல் போடுகிறவள் வீடு ஊருக்கே தெரியும். உங்களில் இந்த வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

முனகல்

மறுநாள் காலையில் பத்து மார்க் டெஸ்ட். 'தென்னாட்டு இசையின் வளர்ச்சியை நூற்றாண்டு வாரியாக விவரி' என்று கேட்டிருந்தேன். ஹாலுக்குள் நுழைந்தால், ராத்திரி கேட்ட அதே சத்தம். முதல் பெஞ்சில் மரகதம் வாயை மூடிக்கொண்டு மெல்ல இழுக்கிறாள். பின்னாலிருந்த பத்துப் பேரும் தலையை ஆட்டிக்கொண்டே எழுதுகிறார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த கெமிஸ்ட்ரி சரோஜா டீச்சர் என்னைக் கதவோரம் கூப்பிட்டு, "பேசுனா பிடிக்கலாம், பிட்டு வச்சிருந்தா பிடிக்கலாம், முனகுனா எந்த ரூல்ல பிடிக்கிறது?" என்றார். 

விஷயம் இதுதான். என் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் ஹாஸ்டல், பதினோரு பேரும் அங்கேதான். நான் வகுப்பில் எழுதிப் போட்ட நோட்ஸ் மனப்பாடம் ஆகவில்லை என்று, அந்த விடை முழுவதற்கும் மரகதம் மோகன ராகத்தில் மெட்டுப் போட்டுவிட்டாள். வார்த்தையோடு பாடினால் வார்டன் வருவார் என்பதால் முனகலாகவே ஒத்திகை. மெட்டு ஞாபகம் வந்தால் வார்த்தை தானாக வந்துவிடுமாம்.

பதினோரு பேப்பரிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே வரிசை. பதினோரு பேப்பரிலும் ஒரே இடத்தில் ஒரு நூற்றாண்டு காணாமல் போயிருந்தது. அதற்காக எல்லாருக்கும் ஒரு மார்க் குறைத்தேன். மெட்டுப் போட்டவளுக்கு மேற்கொண்டு ஐந்து மார்க் வெட்டினேன். அதைக் கேட்டு எழுதியவர்களுக்கு மேற்கொண்டு ஒன்றும் வெட்டவில்லை. பத்துப் பேருடைய அப்பாக்களை ஒரே நேரத்தில் சமாளிக்கிற தைரியம் எனக்கு இல்லை. ஒரு நூற்றாண்டை எங்கே தொலைத்தீர்கள் என்று மட்டும் மரகதத்திடம் கேட்டேன்.

"பதினாறாம் நூற்றாண்டு தாளத்துல உக்காரல மிஸ். ரெண்டு மாத்திரை கூடுது. அதான் விட்டுட்டோம்."

இருபது

வெட்டிய பிறகுதான் கதை தெரிந்தது. மரகதத்தின் அப்பா தேனி பஜாரில் வத்தல் மண்டி வைத்திருக்கிறார். எங்கள் கல்லூரிக் கமிட்டியிலும் இருக்கிறார். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் உள்ள ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார்கள். பெண் மெட்ராஸில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்றாள். அவள் எஸ்.எஸ்.எல்.சி.யில் தட்டுத்தடுமாறிப் பாஸானவள். அந்த நம்பிக்கையில் அவர், நாலு மண்டிக்காரர்கள் முன்னால், "ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கட்டும், அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். இப்போது மற்ற பேப்பரெல்லாம் கூட்டிப் பார்த்தால், என் இன்டர்னலில் இருபது வந்தால் மெட்ராஸ், பத்தொன்பது வந்தால் கம்பம்.

இதை மரகதமே, டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டே, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். நான் நேரே எங்கள் துறைத் தலைவி அம்மாவிடம் ஓடினேன். அவர் இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டவர். யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. எப்படி என்று கேட்டால் சிரித்தார்.

"எல்லாருக்கும் பதினஞ்சு போடு. பதினஞ்சு வாங்குனவ சந்தோஷமும் படமாட்டா, சண்டைக்கும் வரமாட்டா."

பாட்டரி

அடுத்தது ஐந்து மார்க்குக்குக் கேள்வித் தேர்வு. டேப் ரிக்கார்டரில் ஒரு கீர்த்தனையைப் போடுவேன். கேட்டுவிட்டு ராகம், காலப்பிரமாணம் என்கிற வேகம், பாடுகிற குரல், பாணி எல்லாம் எழுத வேண்டும். முனக வழியில்லாத பரீட்சை என்று பெருமையாக இருந்தது. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை. பவர் ஹவுஸ்காரர் பெண்டாட்டியாக இருந்தும் கரண்டை வரவழைக்க முடியாமல், வீட்டு டார்ச்சிலிருந்த பாட்டரிகளைக் கழற்றிப் போட்டேன். அவை குழந்தைக்கு ராத்திரிப் பால் கலக்கப் பயன்பட்டுப் பாதி செத்தவை. பல்லவியில் துள்ளிக்கொண்டிருந்த பாடகி அம்மாள், அனுபல்லவியில் களைத்து, சரணத்தில் ஆம்பிளை ஆகிவிட்டார்.

விடைகளைத் திருத்தும்போது நானே வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டேன். 'குரல்: ஆண், வயது ஐம்பது, ஜலதோஷம்.' 'முதலில் பாடுவது பெண், பிறகு அவருடைய அண்ணன் சேர்ந்துகொள்கிறார்.' ஒருத்தி அதைப் பழங்காலப் பாணி என்று எழுதி, அந்தக் காலத்தில் மனிதர்கள் நிதானமாக இருந்ததற்கு இது சான்று என்றும் சேர்த்திருந்தாள். மரகதம் எழுதியது: 'ஒரே பெண்தான் பாடுகிறார். மத்திம காலம். ஐந்து கட்டை சுருதியில் ஆரம்பித்தது மூன்றரைக்கு இறங்கியிருக்கிறது. பாடகர் மேல் தப்பில்லை. பாட்டரி தீர்ந்துவிட்டது. ராகம் மாறவில்லை.'

ஐந்துக்கு ஐந்து போட்டேன். துறைத் தலைவி அம்மா அதை வாங்கிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்து, ஐந்தை அடித்து இரண்டாக்கினார். நான் ஏன் என்று கேட்டேனோ, கேட்டதாக நினைத்துக்கொண்டேனோ தெரியாது.

"பாட்டரி சிலபஸ்ல இல்ல."

அடிக்குறிப்பு

மிச்சம் பத்து மார்க்குக்குக் கட்டுரை. அவரவர் ஊரில் கேட்கிற ஒரு பாட்டு வகையின் வரலாற்றை, ஆதாரங்களை அடிக்குறிப்பில் காட்டி எழுத வேண்டும். ஆரோக்கியமேரி என்ற பெண், ஏழெட்டுத் தலைமுறைக்கு முன்பே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடியானவர்கள் ஊரிலிருந்து வருகிறவள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அவர்கள் ஊரில் பாடுகிற பாட்டைப் பற்றி எழுதியிருந்தாள். கீழே ஒரே ஓர் அடிக்குறிப்பு: 'ஆதாரம்: எங்கள் அம்மா.' அச்சில் வந்ததுதான் வரலாறு என்பது துறைத் தலைவி அம்மாவின் கட்சி. சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'ஆதாரத்தைச் சரிபார்க்கவும்' என்று எழுதிவிட்டார்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஆதாரம் வந்து இறங்கியது. கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு, கையில் ஒரு மஞ்சப்பை. "எம்மக கட்டுரையில அடியில போட்டிருக்காளே, அது நாந்தான். சரிபாக்க வரச் சொன்னீகளாமே. திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டு நடக்குது, அதப் போட்டுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லி, உட்காரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். மகள் பதினேழு சரணம் எழுதியிருந்தாள். அம்மா பத்தொன்பது பாடினார். பதினோராவது சரணத்தில் மாதா மகனைத் தேடிக்கொண்டு போகிறாள். துறைத் தலைவி அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் குழந்தையை வீட்டில் அடுத்த வீட்டம்மாவிடம் விட்டு வந்திருந்தேன். அந்தச் சரணத்தில் உடனே வீட்டுக்கு ஓட வேண்டும் போல இருந்தது.

பாட்டு முடிந்ததும் துறைத் தலைவி அம்மா தன்னுடைய வட்டத்தை அடித்துவிட்டு, ஒன்பது என்று எழுதினார். அவர் சிவப்பு மையில் எழுதியதை அவரே அடித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆதாரம் எட்டிப் பார்த்தது.

"அவளுக்கு ஒம்பது சரி. ரெண்டு சரணத்த முழுங்கிட்டா, ஒண்ணு கொறைக்கத்தான் வேணும். பாடுனவளுக்கு எத்தன மார்க்கு, டீச்சர்?"

துண்டு இல்லாத பேரம்

மரகதத்துக்கும் கட்டுரையில் ஒன்பது. டெஸ்டில் ஒன்பதுக்கு ஐந்து வெட்டி நாலு. கேள்வித் தேர்வில் இரண்டு. கூட்டினால் சொல்லி வைத்தாற்போலப் பதினைந்து. லிஸ்டைப் பிரின்சிபாலிடம் கொடுக்க வேண்டியது நாளைக் காலை. மற்ற பத்துப் பேருக்கும் மையில் எழுதிவிட்டேன். அவள் கட்டத்தில் மட்டும் பதினைந்து பென்சிலில் இருந்தது. மைப்பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக நான் இருந்தபோது, இன்று விளக்கு வைக்கிற நேரத்தில், வாசலில் செருப்புச் சத்தம். மரகதத்தின் அப்பா. கையில் ஒரு கூடை திராட்சை.

உள்ளே வரவில்லை, கூடையை வாசல்படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "வீட்ல ஆம்பள இல்லைன்னு தெரியும், இங்கனயே பேசிட்டுப் போயிர்றேன் டீச்சரம்மா" என்றார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்தார், மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். "மண்டியில வெல பேசுனா துண்ட மேல போட்டு உள்ள வெரலப் பிடிப்போம். பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. ஆம்பள வாத்தியாரா இருந்தா அப்பிடியே முடிச்சிருப்பேன். நீங்க பொம்பளப்புள்ள, வாயத் தெறந்து கேக்க வேண்டியிருக்கு."

"சொல்லுங்கய்யா."

"எல்லாரும் மார்க்கக் கூட்டச் சொல்லி வருவாக. நான் கொறைக்கச் சொல்லி வந்திருக்கேன். பெயிலாக்கச் சொல்லல தாயி. பத்தொம்பது போடுங்க, போதும்."

அனுப்ப விருப்பமில்லை என்றால் மகளிடமே சொல்லிவிடலாமே என்று கேட்டேன்.

"நாலு மண்டிக்காரக முன்னால சொன்ன சொல்லு. துண்டுக்குள்ள சொல்லியிருந்தா மாத்திருக்கலாம், வெளிய சொல்லிட்டேன். சொல்ல மாத்துனா நாளைக்கு பஜார்ல எவன் எனக்கு மூட்டை அனுப்புவான்? அதான் மார்க்க மாத்தச் சொல்றேன்."

லிஸ்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே வந்தேன். குழந்தை பாயில் புரண்டு படுத்திருந்தது. பென்சில் பதினைந்தைப் பார்த்தேன். அவர் இருட்டுகிற நேரத்தில் நடந்து, கூச்சத்தை விட்டு, கூடை சுமந்து வந்து கேட்பதைவிட நாலு மார்க் குறைவாக, யாரும் கேட்காமலேயே நான் போட்டு வைத்திருக்கிறேன். கமிட்டிக்காரர் செய்யச் சொன்ன அநியாயம் ஒரு மார்க்தான். மிச்சம் நாலும் என் சொந்தச் சரக்கு. ஒன்றும் செய்யாமல் மைப்பேனாவை மட்டும் எடுத்து அதன் மேலேயே எழுதினால் போதும். அவருக்கும் நிம்மதி, என் வேலைக்கும் ஆபத்தில்லை. கம்பத்து மாப்பிள்ளை நல்லவராகவும் இருக்கலாம் என்றெல்லாம் யோசித்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் யோசனைக்குப் பஞ்சமே இருப்பதில்லை.

ரப்பரால் பதினைந்தை அழித்தேன். மெட்டுப் போட்டதற்கு வெட்டிய ஐந்தைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று வருஷம் நான் நடத்திய வரலாற்றில் பாட்டு என்று ஒன்று இருப்பதை அந்த ஒருத்திதான் கவனித்திருக்கிறாள். பாட்டரிக்குப் போன மூன்றையும் கொடுத்தேன். பதினாறாம் நூற்றாண்டை விட்டதற்குக் குறைத்த ஒன்று குறைத்ததுதான். இருபத்து மூன்று. எண்ணால் எழுதி, மை பரவி மூன்று எட்டு மாதிரித் தெரிந்ததால், எழுத்தாலும் எழுதினேன். கவரில் போட்டு, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி சீல் வைத்தேன். விரலில் கொஞ்சம் சுட்டுக்கொண்டேன்.

வாசலுக்கு வந்து, "இருபத்தி மூணுய்யா. எழுத்தால எழுதியாச்சு. அவ வாங்குனது அதான்" என்றேன்.  கூடையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு வாங்கிக்கொண்டார்.

"சரி. சொன்ன சொல்லுக்கு அவ மெட்ராஸ் போகட்டும். வெள்ளிக்கெழம கமிட்டியில ஒங்க பேரு வருது. அதப் பத்தி நான் எவன் முன்னாலயும் வாக்குக் குடுக்கல, டீச்சரம்மா."

மூன்று வருஷத்தில் நான் பயந்து போட்ட மார்க்குகள் எல்லாம் எனக்கு வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தன, பயந்துகொண்டே சரியாகப் போட்ட ஒன்றே ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் அந்த வேலையை வாங்கிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.