பணிய லயத்துக்கு மேலே ஒரு நேர்கோடு

மலையை அளக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஜெமீலா டீச்சருக்குத் தந்தது ஒரு கதவு.

பசறைப் பாதையிலிருந்து பிரிந்து மேலேறும் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் அவர் விஞ்ஞானம் கற்பித்துவந்தார். பதுளை பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த லத்தீபின் மகள். காலை பஸ்ஸில் வந்து பாலத்தடியில் இறங்கி, தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறிப் பள்ளிக்கூடம் சேர்வார். அங்கே அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பவர் கருப்பம்மா. தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தின்படி மகன் கப்பலேறிய பின்பு, பணிய லயம் என்று எல்லாரும் அழைத்த கீழ் வரிசை வீடுகளில் ஒரு காம்பிராவில், ஒற்றை அறையில், தனியே இருந்தவர்.

“கதவு சாத்த மாட்டேங்குது டீச்சர். போன வருசமெல்லாம் நல்லாத்தான் சாத்துச்சு,” என்று அவர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

டீச்சர் போய்ப் பார்த்தார். கதவில் குற்றமில்லை; நிலைதான் பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. பின்சுவரில் விரல் நுழையுமளவு வெடிப்பு. லயத்தின் முதுகில் மலை செங்குத்தாக நின்றது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. விஞ்ஞான ஆசிரியர்கள் தத்தம் ஊரிலேயே ஓர் ஆய்வு செய்து, முடிவை மற்ற ஆசிரியர்கள் முன் வாசிக்க வேண்டும் என்று ஒரு சங்கம் ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் வழங்கத் தொடங்கியிருந்தது. ஜெமீலா விண்ணப்பித்தார், கிடைத்தது. விடுமுறையில் கொழும்புக்குச் சென்று முறையைக் கற்றுவந்தார். முறை எளியது. மலைச்சரிவின் இருபுறமும் அசையாத பாறை இருக்க வேண்டும். இரண்டிலும் அடையாளம் கொத்தி, இடையே நூல் பிடித்து, நூலுக்கு நேராக மரக்குச்சிகளை அறைந்துவிட வேண்டும். மண் நகர்ந்தால் குச்சிகள் நூலை விட்டு விலகும். விலகாவிட்டால் மலை நிற்கிறது என்று பொருள்.

வாப்பாவின் கடையிலிருந்து நூலுருண்டை வந்தது. ஒரு பாறையில் டீச்சரும் மறு பாறையில் கருப்பம்மாவுமாக நூலைப் பிடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த லயத்து மக்களிடம், “இது ஒரு படிப்பு. குச்சிகளைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க,” என்று மட்டும் டீச்சர் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள்.

மாதந்தோறும் முதல் வாரத்தில் நூல் பிடித்துப் பார்த்தார். ஓராண்டு முழுவதும் ஒரு குச்சியும் நூலை விட்டு விலகவில்லை. முதற் சில மாதங்கள் அவருக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. பின்னர் அந்த ஏமாற்றமே ஆறுதலாயிற்று. கடைசி அளவை முடித்த மாலையில், நூலைச் சுற்றிக்கொண்டே, “மலை நிக்குது கருப்பம்மா. ஒரு வருஷம் பாத்தாச்சு, அசையவே இல்ல. பயப்படாம தூங்குங்க,” என்றார்.

“நீங்க சொன்னா சரிதானுங்க,” என்றார் கருப்பம்மா. அன்று தேநீரில் சீனி கூடுதலாக இருந்தது.

பதுளையில் நடந்த மாநாட்டில் கட்டுரையை வாசித்தபோது மண்டபம் கைதட்டியது. சங்கத்தின் செயலாளர் ஸஹாப்தீன் மாஸ்டர் கட்டுரையின் பிரதியைத் தோட்டத்துக்கும் அனுப்பிவைத்தார். பணிய லயத்தை வேறிடத்தில் கட்டுவதற்கென்று அப்போது தகரமும் சீமெந்தும் வந்திறங்கியிருந்தன. தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரை கட்டுரையைப் படித்தார். மலை நிற்கிறது. தகரம் தொழிற்சாலைக் கூரைக்குப் போயிற்று.

அடுத்த மழைக்காலம் கார்த்திகையில் பிடித்தது. வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆய்வு முறையைக் காட்டலாமென்று, மழை சற்றே விட்ட ஒரு பிற்பகலில் டீச்சர் சரிவுக்கு ஏறினார். அங்கே இராசையா நின்றுகொண்டிருந்தார். தோட்டத்தில் புதுக்கன்று நடும்போது குழிகளுக்கு வரிசை பிடிப்பவர்; ஒரு கையில் நூல், மறு கையில் சுத்தியல். டீச்சரின் குச்சியொன்றைப் பிடுங்கி நூலோடு சேர்த்து அறைந்துகொண்டிருந்தார்.

“என்ன செய்றீங்க இராசையா?”

“ஒன்னுமில்லீங்க டீச்சர், குச்சிங்க கோணிக்கிச்சு. அதான் நேராக்குறேன்.” அவர் முகத்தில் பெருமை இருந்தது. “நீங்க பாத்துக்கச் சொன்னீங்கள்ல? நட்டதுலேருந்து நாந்தான் பாத்துக்கிறேன். நீங்க அளக்க வர்றதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம வந்து ஒரு தரம் நூல் புடிச்சிருவேன். பெரிய எடத்துக்குக் காட்டுற வேல, கோணலா இருந்தா ஒங்களுக்கு அரைப்பேர் போட்டுருவாங்கள்ல?”

வரிசை கோணினால் கணக்கப்பிள்ளை அரைநாள் கூலியை வெட்டுவார், அதுதான் அரைப்பேர். முப்பது வருடமாக இராசையா ஒருமுறைகூட அரைப்பேர் வாங்கியதில்லை.

டீச்சர் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “எந்தப் பக்கம் கோணும்?”

“பணியப் பக்கந்தானுங்க. மாடு மேஞ்சா மேலயும் தள்ளும், கீழயும் தள்ளும். இது எப்பவும் பணியப் பக்கந்தான்.” சொல்லிக்கொண்டே வந்த குரல் மெல்லத் தளர்ந்தது. “ஏங்க டீச்சர்?”

லயத்தில் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது. யாரும் மறைக்கவில்லை. யாரும் அவர்களைக் கேட்கவுமில்லை.

மறுநாளே டீச்சர் தோட்டத்து அலுவலகமான கந்தோருக்குப் போனார். முடிவு தவறு, லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்றார். பெரிய துரை கட்டுரையை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது உங்க பேர்தானே டீச்சர்?”

“என் பேர்தான். ஆனா அளவு பிழை.”

“போன வருஷம் மலை நிக்குது. இந்த வருஷம் மலை நடக்குது. அடுத்த வருஷம் பெரட்டுக்கு வந்து பேர் குடுக்குமா?”

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு மலை வந்து நிற்பதை எண்ணிக் கிளார்க்குகள் சிரித்தார்கள். டீச்சர் அங்கிருந்து நேரே பதுளைக்கு பஸ் ஏறினார். ஸஹாப்தீன் மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருடைய பரிவுதான் டீச்சரை அதிகம் வருத்தியது.

“தங்கச்சி, அச்சுக்குக் குடுத்தாச்சி. இனி மாத்த ஏலாது. அடுத்த மாநாட்டில ஒரு திருத்தம் வாசிப்போம்.”

“அடுத்த மாநாடு சித்திரையில மாஸ்டர். மழை இப்ப பெய்யுது.”

“அவசரப்பட்டா உங்கட பேரும் கெடும், சங்கத்திட பேரும் கெடும். கொஞ்சம் பொறுங்க.”

பொறுக்க முடியாத ஒரே பொருளான மலை அவருடைய பேச்சில் இடம்பெறவேயில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸின் கூரையில் மழை அடித்த ஓசை டீச்சரின் காதை விட்டு அகலவில்லை. தாம் எழுதாமலே இருந்திருந்தால் அந்த மக்கள் இந்நேரம் புதுத் தகரத்தின் கீழ் இருந்திருப்பார்கள். அவர்களை அந்த மலையின் அடியில் நிறுத்தி வைத்தது தம்முடைய கட்டுரை.

லயத்தில் அவர் வீடு வீடாகச் சொன்னார். எங்கே போவது என்று கேட்டார்கள். மற்ற லயங்கள் நிரம்பி வழிந்தன. காம்பிராவை விட்டு இறங்கினால் திரும்பக் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. இராசையாவின் மனைவி ராசம்மா மட்டும் வாசலில் நின்று கணவரை வறுத்தெடுத்தார்.

“ஊரு மலைக்கெல்லாம் நூல் புடிக்கிற மனுசன், ஒங்க வீட்டுச் செவுரு பொளந்து கெடக்குதே, அதுக்கு ஒரு நூல் புடிச்சீங்களா?”

குச்சிகளைத் தொட வேண்டாம் என்று டீச்சர் இராசையாவைக் கேட்டிருந்தார், அவரும் தொடாமல் இருந்தார். மழை விடாது கொட்டிய சில நாட்களுக்குப் பின் அவரே நூலை எடுத்துக்கொண்டு ஏறினார். பாறைக்குப் பாறை நூல் இழுத்தபோது, நடுக்குச்சிகள் ஒரு சாண் கீழே வளைந்து கிடந்தன, நிறைந்த சாக்கின் வயிறு போல. அவர் இறங்கிவந்து, பெரட்டுக்குப் புறப்பட்டவர்களை வழியில் மறித்தார்.

“ஒரு நாள் பேரு போனாப் போகட்டும். வந்து பாருங்க. நான் நட்ட வரிச இது. நான் கோணலா நடுவனா?”

ஏறிப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுவதும் வரிசைகளுக்கு நடுவே வேலை செய்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உடனே இறங்கினார்கள். பாயும் சட்டியும் கட்டத் தொடங்கினார்கள்.

அவர்கள் தங்குவதற்குப் பாடசாலையைத் திறந்துகொடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் தம்பையா குடையை எடுத்துக்கொண்டார். “சாவிய மேசையில வச்சிட்டு நான் வீட்டுக்குப் போறேன். யார் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது,” என்றார்.

மாலைக்குள் லயம் காலியாயிற்று, ஒரு காம்பிராவைத் தவிர. கருப்பம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார்.

“எந்திரிங்க கருப்பம்மா.”

“நான் வரலீங்க டீச்சர். எம் மவன் காயிதம் போட்டா இந்த நம்பருக்குத்தான் வரும். தபாக்காரன் ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டா?”

“நான் தபால் கந்தோர்ல சொல்றேன். மலை வரப்போகுது.”

“நிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு வருசம் நூல் புடிச்சோம். ஒரு முனைய நான்தான புடிச்சேன்?” குரலில் கோபமில்லை, பிள்ளைக்குச் சொல்வது போன்ற இதம் இருந்தது. “அது நீங்க படிச்சுப் பாத்துச் சொன்னது. இது மழைக்குப் பயந்து சொல்றது. நான் மொதல்ல சொன்னதைத்தான் நம்புறேன்.”

“நான் சொன்னது பிழை!”

“நீங்க பிழையாச் சொல்ல மாட்டீங்க டீச்சர்.”

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ராசம்மா வந்து ஏசிப் பார்த்தார். கருப்பம்மா சிரித்துக்கொண்டே, “காலையில பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்துறேன்,” என்றார். சொன்னபடியே காலையில் வந்து ஊற்றினார். பகல் ஆனதும், அடுப்பு நனையும் என்று திரும்பிப் போனார். அடுத்த நாளும் அப்படியே. கந்தோரிலிருந்து ஆள் வந்து, எல்லாரும் லயத்துக்குத் திரும்பாவிட்டால் பேர் வெட்டப்படும் என்று எச்சரித்துப் போனான். டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. மகளைத் தேடிவந்த லத்தீப், அரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு தனியே திரும்பினார்.

மூன்றாம் நாள் பிற்பகல் மலை இறங்கியது. இடி என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் இடிக்குப் பின்னால் வரும் அமைதி வரவில்லை. பாடசாலை முற்றத்துக்கு ஓடிவந்து பார்த்தபோது, பணிய லயம் இருந்த இடத்தில் சிவந்த மண் மேடும் வேரோடு புரண்டு கிடந்த தேயிலைச் செடிகளும் மட்டுமே இருந்தன. கிழக்கு மூலைச் சுவர் ஒன்று இடுப்பளவுக்கு வெளியே நின்றது.

மண்வெட்டிகளோடு ஓடியவர்கள் எங்கே தோண்டுவதென்று தெரியாமல் அங்குமிங்கும் வெட்டினார்கள். டீச்சர் வெறுங்கையால் ஓரிடத்தில் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தார். அது கருப்பம்மாவின் வீடாக இருக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

“நிறுத்துங்க!” என்று இராசையா கத்தினார். மடியிலிருந்து நூலுருண்டையை எடுத்தார். மூலைச் சுவரின் விளிம்பில் ஒரு முனையைக் கட்டினார். லயங்கள் நேராகத்தான் கட்டப்படுகின்றன. காம்பிராக்கள் எல்லாம் ஒரே அகலம். ஆனால் மறு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார்.

ஜெமீலா டீச்சர் எழுந்து வந்து நூலின் முனையை வாங்கிக்கொண்டார். சேற்றில் கால் புதையப் புதைய நடந்தார்.

“இன்னும் கொஞ்சம் மேலுக்கு, டீச்சர். கோணுது.”

அவர் மேலே நகர்ந்தார்.

“ம். அப்படியே இருங்க. அசையாதீங்க.”

இராசையா நூலோரமாகக் காம்பிரா அகலங்களைக் காலால் எண்ணிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நின்று, குச்சியொன்றை நட்டார். அங்கே தோண்டினார்கள். இருட்டுவதற்கு முன் கருப்பம்மாவின் உடல் கிடைத்தது. அடுப்புக்கு அருகிலேதான் இருந்தார். தோண்டி முடியும்வரை டீச்சர் நூலைத் தாழவிடவில்லை. முடிந்த பிறகும் விடவில்லை. ராசம்மா வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.