மனோகரி மிஸ்ஸியின் கேள்வி

கதிரையை நோயாளியின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் மனோகரி மிஸ்ஸி வாயைத் திறப்பாள். நின்றுகொண்டு கேட்டால் அது பொலிஸ் விசாரணை என்பது அவள் கட்சி. அதற்கு முன், துணைக்கு வந்தவரைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிடுவாள். "மருமகள் நிக்கேக்க எந்த மாமி உண்மை சொல்லுவா?"

அண்ணன் அக்காமார் பனங்காணியோடு நின்றுவிட்ட வீட்டில், தாதிக்குப் படித்து வெள்ளைச் சட்டை போட்டவள் இவள் ஒருத்தி. இருபத்தாறு வருடச் சேவை. அச்சடித்தது போன்ற எழுத்து. அறுபது தாண்டி அவளது வாட்டுக்கு வரும் எவரும் குடியைப் பற்றிய கேள்விக்குத் தப்ப முடியாது. ஆனால் "குடிக்கிறனீங்களோ?" என்று கேட்கமாட்டாள். இந்தத் தீவுச் சனத்துக்குக் கள்ளு குடியில் சேராது, அது சாப்பாடு. "தவறணைக்கு எத்தினை மணிக்குப் போறனீங்கள் அண்ணை?" என்பாள். "பத்துக்கு முதல் திறக்கமாட்டாங்கள் மிஸ்ஸி" என்று பதில் தானாக வரும்.

முன்பெல்லாம் பெண்களிடம் அவள் கேட்டதில்லை. மரியாதை கருதி 'இல்லை' என்று தானே எழுதிவிடுவாள். அப்படி எழுதிய ஒருத்திக்கு, வழக்கமான குடி திடீரென நின்றதில், மூன்றாம் நாள் கைகால் நடுங்கி வலிப்பு வந்தது. உயிர் தப்பியது கடவுள் புண்ணியம். அன்றிலிருந்து ஒருவரையும் விடுவதில்லை.

போன மாதம் இறுப்பிட்டியிலிருந்து சிவக்கொழுந்து அம்மா இடுப்பெலும்பு முறிந்து வந்தார். எழுபத்தொரு வயது. மறுநாள் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை. கூட வந்த மருமகளைத் தேத்தண்ணிக்கு அனுப்பிவிட்டு, மனோகரி தன் கேள்வியைத் தொடங்கினாள்.

"என்ன கேள்வி பிள்ளை! வெள்ளி தவறாமல் விரதம் பிடிக்கிறனான்."

"குடியைக் கேக்கேல்லை அம்மா. மருந்துக்குப் பிரண்டி?"

அவர் முகம் தெளிந்தது. "அதோ? பிள்ளைப்பெத்த நேரம் முட்டைக் கோப்பியில விட்டுத் தந்தவை. இப்ப முட்டையும் இல்லை, கோப்பியும் இல்லை."

இருவரும் சிரித்தார்கள்.

"எவ்வளவு எடுப்பியள்?"

"கொஞ்சம்."

"கொஞ்சமெண்டு எழுதிவிட்டா, ஒப்பரேசன் முடிஞ்ச கையோட வலிப்பு வந்து நிக்கும். சரியாச் சொன்னா இப்பவே மருந்து தொடங்கலாம். வீட்டாருக்கு நான் வாய் திறக்கமாட்டன்."

மேசையிலிருந்த கிளாசைத் தான் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலை அவர் கையில் கொடுத்தாள். "எடுக்கிற அளவை ஊத்திக் காட்டுங்கோ."

சிவக்கொழுந்து ஒரு விரற்கடை ஊற்றி நிறுத்தினார். மனோகரி கிளாசை அப்படியே நீட்டிப் பிடித்திருந்தாள். அவர் வாசலை ஒருதரம் பார்த்தார். பிறகு போத்தலை மறுபடி சரித்தார். தண்ணீர் விளிம்பைத் தொடும்வரை நிமிர்த்தவில்லை.