அடுப்புக்கு லீவு

அரபு அமீரகத்தில் எங்கள் அல் ஐன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் ஏசியின் இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். காது அடைத்ததுபோல் இருக்கும், கழுத்தில் வியர்வை ஊறும், அப்புறம் தேங்காயெண்ணெயில் திரி பற்றிக்கொள்ளும் மணம் அறை முழுக்கப் பரவும். சுடர் அணைந்துவிடக் கூடாதென்று அம்மாதான் ஏசியை நிறுத்துவாள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு, பொழுது சாய்வதற்குள் திரியை ஏற்றி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எதையோ முணுமுணுத்துவிட்டு விரல் நுனிகளை உதட்டில் ஒற்றிக்கொள்வாள். அதோடு மறுநாள் இருட்டும்வரை அடுப்பையும் தொட மாட்டாள், சுவிட்சையும் தொட மாட்டாள். விளக்கு எரிந்து முடிந்ததும் ஏசியை மறுபடி போடுவது என் வேலை.

அம்மா கொச்சியில் பிறந்த யூதப் பெண். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், நெருப்பு மூட்டக் கூடாது. பொள்ளாச்சிக்காரரான அப்பாவைக் கட்டிக்கொண்டதும் அவள் வீட்டார் உறவை முறித்துக்கொண்டு இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், ஒரு கடிதம்கூட வந்ததில்லை. "வெளிய மூச்சு விட்றாத கண்ணு, விசாவுல பொழைக்கறவங்க நாம" என்பார் அப்பா. நானாக அவளிடம் ஏதாவது கேட்டாலும் "அதெல்லாம் எதுக்கு மோளே" என்று வாயை அடைத்துவிடுவாள். பக்கத்து ஃப்ளாட் மாமிகளும் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பவர்கள்தான் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

எனக்குப் பத்து வயதில் தமிழ்ச் சங்கம் சிறுவர் கவிதைப் போட்டி வைத்தது. அந்த விளக்கைப் பற்றித்தான் எழுதினேன். "விளக்கு கண் திறந்தால் எங்கள் அடுப்புக்கு லீவு, அம்மா யாருக்கும் கேட்காமல் யாரோடோ பேசுகிறாள்" என்று முடித்திருந்தேன். யூதர் என்ற சொல் மருந்துக்கும் இல்லை. காகிதத்தை அம்மா வாங்கி இரண்டு முறை படித்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். அவளோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதை அப்படியே படி" என்றாள். அவள் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நடுவராக வந்த திருச்சி மாமா நல்ல மனுஷர், பொறியாளர். மேடைக்குப் போகுமுன் காகிதத்தைப் பார்த்து, "என்ன பாப்பா, விளக்கு வச்சா லட்சுமி வரணும்ல? அடுப்புக்கு எதுக்கு லீவு?" என்று சிரித்தபடி, என் கடைசி வரிகளை அடித்துவிட்டு "மகாலட்சுமி வருகிறாள், மங்கலம் தருகிறாள்" என்று எழுதிக் கொடுத்தார். என் புத்தியைச் சொல்ல வேண்டும், அதையே படித்தேன். முதல் பரிசு கிடைத்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அம்மாவும் கைதட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "அடுப்பு வரி எங்கே மோளே?" என்று மட்டும் கேட்டாள். "மாமா மாத்திட்டாரு" என்றேன். "பரவால்ல" என்று காரின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பரவால்லயை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா முந்திக்கொண்டார், பத்து வருஷத்துக்கு முன் அம்மாவும் போனாள். பொள்ளாச்சியில் அத்தைகள் தங்கள் முறைப்படி எல்லாம் செய்தார்கள், நான் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் எழுத உட்கார்ந்தேன். அவளுடைய வெள்ளிக்கிழமைகளை, ஆறிய சோற்றுச் சனிக்கிழமைகளை, அவள் முனகிய கொச்சிப் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தமிழில் கவிதையாக்கி வருகிறேன், இனி யாரும் ஒரு வரியையும் திருத்தக் கூடாது என்ற வீம்போடு. படிக்கத்தான் ஆளில்லை, என் மகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னால்தான் புரிகிறது.

அல் ஐன் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வார விடுமுறைகூட இப்போது சனி ஞாயிறாக மாறிவிட்டது. நான் குடியிருக்கும் துபாயில் யூதர்கள் ஒளிவுமறைவில்லாமல் கூடித் தொழுகிறார்கள். போன மாதம் துணிந்து ஒரு கூட்டத்துக்குப் போனேன். பிரெஞ்சுக்காரப் பெண்மணி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் அம்மாவுக்காகப் பிரார்த்திக்கிறோம், பெயரைச் சொல் என்றார். லலிதா என்றேன். அது கல்யாணத்துக்குப் பின் அப்பா வீட்டில் வைத்த பெயர், பாஸ்போர்ட்டிலும் அதுவே. அவர் பொறுமையாக, அவளைப் பெற்றவள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று கேட்டார். எல்லோரும் எனக்காகக் காத்து நின்றார்கள். பத்து வருஷமாக அவளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.