துரை குனிந்த நாள்

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் துரைதான் அரசாங்கம். அந்த அரசாங்கத்தை எதிர்த்து நின்றவர் எங்கப்பா. கொட்டுகிற மழையில் பொழுதுக்கும் கொழுந்து பறித்தவர்களுக்கு அரைநாள் கூலிதான் என்று துரை சொன்னபோது, முதலில் கூடையைக் கவிழ்த்தது என்னவோ எங்கம்மாதான். பேர் மட்டும் அப்பாவுக்கு.

விடியற்காலையில் எங்களை வேலைக்குக் கூப்பிடத் தப்பு அடிக்கும் சத்தம் நின்றுபோனது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அரிசியும் நின்றுபோனது. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, ஆளில்லாத மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். கொழுந்து யாரும் கிள்ளாமல் வளர்ந்து, மலையே முடி வெட்டாத பிள்ளை மாதிரி நின்றது.

அப்படி இருக்கும்போது மாரியம்மன் திருவிழா வந்தது. வருசா வருசம் தேர் பங்களா வாசலில் நிற்கும். எங்கள் ஆட்களில் ஒருவர் துரைக்கு மாலை போடுவார். இந்த வருசம் போடுவதா?

மாமா குதித்தார். "நாம போயி மாலை போட்டா தோத்தோம்னு ஆயிரும் மச்சான்!"

"போடாட்டி இந்தச் சண்டை தீராதுப்பா" என்றார் அப்பா.

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: "புள்ள போடட்டுமே. புள்ளைக்கு ஏது தோல்வி?"

அந்தப் பிள்ளை நான்தான்.

பங்களா வாசலில் ஒரே பனி. தேர் நின்றது, மேளம் நின்றது. துரை வந்து நின்றார். மாலையைத் தூக்கினேன், அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு மேல் எட்டவில்லை. ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை. துரை என்னையே பார்த்தார். பிறகு, மெல்ல மெல்லக் குனிந்தார். சிவந்த பிடரியில் பனித்துளி மின்னியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"தொரை குனிஞ்சிட்டாருடோய்!" என்று மாமா கத்தினார். தப்பும் மேளமும் ஒன்றாக வெடித்தன.

அந்தச் சத்தத்துக்குள் துரை கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை வந்து அப்பா காதில் சொன்னார். அப்பா ஆடுகிற சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

மறுநாள் தப்புச் சத்தம் கேட்டது. எல்லாருக்கும் முழுக்கூலி. எங்களுக்கு மட்டும் ஒரு லொறி.

சட்டிபானை, கோழிக்கூடை, பாய் எல்லாம் ஏற்றி, மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். ரோட்டின் இரண்டு பக்கமும் சனம் நின்றது. அத்தை ஓடிவந்து என் நெற்றியில் திருநீறு பூசி அழுதாள். மாமா பக்கத்திலேயே வரவில்லை.

"நம்மள மட்டும் ஏம்மா லொறியில கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டேன்.

அம்மா அப்பாவின் முதுகைப் பார்த்தபடி சொன்னாள்: "தொரையவே குனிய வச்ச புள்ளயாச்சே நீ. நடந்து போக விடுவாங்களா?"

சரிதானே என்று தோன்றியது. மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, தேரில் போகிற அம்மன் மாதிரி, இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டே போனேன்.