நோர்பரிக்குப் போகும் வழியில் தேநீர் குடிக்காத நாள்

வாயாடி என்று எனக்கு, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பெயர் இருந்தது. அதை என் வாயால் உழைத்துச் சம்பாதித்தேன் என்றுதான் 2009ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

என் இரண்டு சிறுநீரகங்களையும் சர்க்கரை வியாதி அதற்குள் தின்று முடித்திருந்தது. வாரத்தில் மூன்று காலைகள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு கழியும். மின்வேலை செய்து பிழைத்தவன் நான். ஏணியில் ஏற முடியாமல் போனதும் தொழிலை விட்டுவிட்டேன். மெஷின் இல்லாத நாட்களில் வீட்டில் குந்திக்கொண்டிருக்கப் பிடிக்காது. நோர்பரி ஸ்டேஷன் வரை நடந்து போய் வருவேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்த என் மனைவிக்கு அதில் பெரிய பெருமை. கேட்காத ஆட்களிடம்கூடச் சொல்லுவாள்.

வழியில் மூன்று கடைகளில் ஏறுவேன். முதலில் பாரிஸிலிருந்து வந்தவரின் பலசரக்குக் கடை, பிறகு சலூன், கடைசியில் மீன்கடை. கடைக்குள் வந்த மனிதரைத் தேநீர் கொடுக்காமல் அனுப்புவது எங்கள் ஆட்களிடம் இல்லாத பழக்கம். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வதும் இல்லாத பழக்கம். எனக்கோ நாளொன்றுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். அதில் பாதியை இந்த மூன்று கடைகளுக்கும் ஒதுக்கிவிட்டு, வீட்டில் தாகத்தோடு இருந்தேன். ஒவ்வொரு கடையிலும் பால் விடாத பிளேன் ரீ கால் கோப்பை, அதோடு கால் மணி நேரக் கதை. இலங்கை அரசியல், கவுன்சில் வரி, யாருடைய மகனுக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள், எல்லாம் வரும். எனக்கு அந்த நடை மிகவும் பிடித்திருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

எனக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக மனைவி முடிவெடுத்திருந்தாள். முடிவெடுத்தாள் என்று சொல்வது சரியல்ல. என்னிடம் அறிவித்தாள். அவளுக்குரிய சோதனைகள் எல்லாம் முடிந்து, பொருத்தமும் வந்துவிட்டது. சித்திரை மாதப் பள்ளி விடுமுறையில் ஒப்பரேஷன் செய்தால் அவளுக்கு வேலையில் அதிகம் லீவு போகாது என்றும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மிச்சமிருந்தது என் இதயம் மட்டும்தான்.

இதயத்தைப் பார்த்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இளம் பெண் டொக்டர். முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர்.

"நெஞ்சு வலி வருமா சார்?"

"இல்லை."

"நடந்தா மூச்சு வாங்குமா?"

"இல்லை டொக்டர். நான் நோர்பரிக்கு நடந்து போய் வாறனான்."

எழுதிக்கொண்டார். அதோடு விடுவார் என்று பார்த்தால் விடவில்லை. "சுகர் ரொம்ப வருஷமா இருந்தா நரம்பு மரத்துப் போயிடும். இதயத்துல அடைப்பு இருந்தாலும் வலி தெரியாது. வலி இல்லைன்னு நீங்க சொல்றத மட்டும் நம்பி ஆபரேஷனுக்கு அனுப்ப முடியாது" என்றார். எனக்கு உடனே புரிந்தது. எத்தனையோ வீடுகளில் புகை அலாரம் பூட்டியவன் நான். பற்றரி செத்துப்போன அலாரம் கத்தவில்லை என்பதற்காக வீட்டில் நெருப்பில்லை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அது மற்றவர்கள் வீட்டு அலாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து ஏற்றி, இதயத்தை ஓடவைத்துப் படம் எடுப்பார்களாம். அதற்கு முதல் நாள் முழுக்கத் தேநீர், கோப்பி, சொக்லேட் எதுவும் கூடாது. அந்த மருந்தை வேலை செய்ய விடாமல் அவை தடுக்குமாம்.

சோதனைக்கு முதல் நாளும் நடக்கப் போனேன். பலசரக்குக் கடை கண்ணில் பட்டதும்தான் சிக்கல் விளங்கியது. உள்ளே போனால் தேநீர் வரும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால், பின்னேரத்துக்குள் என் இதயம் நோர்பரி வரைக்கும் கதையாகிவிடும். ஆகவே ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கமாக, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கள்ளனைப்போல நடந்தேன். சலூனையும் அப்படியே தாண்டினேன்.

மீன்கடை வரவில்லை. அதாவது, அதுவரைக்கும் என்னால் போக முடியவில்லை. வலி ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் மேலே வந்து, அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. பஸ் தரிப்பில் உட்கார்ந்தேன். மூன்று பஸ் வந்தது, மூன்றையும் போகவிட்டேன். குளிரிலும் முதுகு நனைந்திருந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு வெளித்தது. இவ்வளவு நாளும் நான் கதைக்க நின்றவன் இல்லை. நிற்பதற்காகக் கதைத்தவன். எப்போது மூச்சு முட்டுமோ அப்போதெல்லாம் ஒரு கடை வந்தது, கடைக்குள் உட்கார ஒரு கதிரை இருந்தது, கையில் ஒரு கோப்பை வந்தது. யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வாயாடி என்ற பெயரும் போயிற்றே என்று, அந்த நிலையிலும், கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஒப்பரேஷன் தள்ளிப் போகும், இல்லையென்றால் இல்லாமலே போகும். மெஷினில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரை அப்படித்தான், இதயம் சரியில்லை என்று, மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அவர் அதற்குப் பிறகு யாரோடும் கதைப்பதில்லை. சோதனை தன் பாட்டில் சொல்லட்டும், நானாக ஏன் வாயைக் கொடுப்பான் என்று இருந்துவிட்டேன்.

படம் எடுத்து இரண்டு கிழமை கழித்து, முடிவைக் கேட்க இருவரும் போனோம். டொக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

"ஒரு இடத்துல லேசா நிழல் மாதிரி தெரியுது. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். நீங்க நல்லா நடக்கறவர்ன்னு எழுதியிருக்கேன். நோர்பரி வரைக்கும் நிக்காம போவீங்கல்ல?"

நான் வாயைத் திறக்க முன்னரே மனைவி, "ஓம் டொக்டர், போவார். மழைக்கும் போவார்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் பாஸான பிள்ளையின் தாயைப் போல இருந்தாள். தன் உடம்பிலிருந்து ஒன்றை வெட்டி எடுத்துத் தர அவசரப்பட்டுக்கொண்டு ஒரு மனுஷி இருக்கிறாள், அதை நான் எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறேன் என்று நினைத்தேன். பயம் வந்தது. சாகப் பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் வந்த பயம் அதுவல்ல.

"இல்லை டொக்டர்," என்றேன். "நான் நிண்டு நிண்டுதான் போறனான். நிக்காமல் போக எனக்கு ஏலாது."

பஸ் தரிப்புக் கதை முழுவதையும் சொன்னேன். டொக்டர் பழைய குறிப்பை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார்.

பிறகு தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு இரத்தக் குழாய்களில் அடைப்பு. ஒன்று மூடிக்கொள்ளும் தறுவாயில் இருந்தது. சிறிய வலைக்குழாய் வைத்து விரித்தார்கள். அதற்குரிய மாத்திரைகள் ஓரளவு முடிந்த பிறகுதான் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். சித்திரை விடுமுறை போயிற்று. அடுத்த ஒரு வருடத்து விடுமுறைகளும் போயின.

வலைக்குழாய் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் அவள் சொன்னாள்.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் என்ரை கிட்னியும் போயிருக்கும், நீங்களும் போயிருப்பியள்."

கிட்னியை முதலில் சொன்னதைக் கவனித்தேன். அது நியாயம்தான். சிரித்தேன், அவளும் சிரித்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

ஒப்பரேஷன் அடுத்த ஆண்டுக் கோடையில் நடந்தது. அவளுடைய சிறுநீரகம் என் வயிற்றில் மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டது. ஆளைப் போலவே அதுவும், சொல்லிக்கொண்டிருக்காமல் செய்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, இருவருமாக நோர்பரிக்குக் கிளம்பினோம். நிற்காமல் போவது என்று பேச்சு. பலசரக்குக் கடைக்காரர் உள்ளேயிருந்து, "என்ன அண்ணை, கோபமோ?" என்றார். கையைக் காட்டிவிட்டு நடந்தேன். சலூன் போயிற்று. அந்த பஸ் தரிப்பும் போயிற்று. மூச்சு தன் பாட்டில் வந்து போனது. எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது. நல்லவேளை, பாடவில்லை.

மீன்கடை வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு ரீ குடிச்சிட்டுப் போவம்."

அந்த டொக்டர் என்னைப் பார்த்ததுபோல அவள் முகத்தைப் பார்த்தேன். ஒற்றைச் சிறுநீரகத்தோடு நிற்கிறாள்.

"உமக்கு மூச்சு வாங்குதோ? உண்மையைச் சொல்லும்."

"இல்லை. ரீ குடிக்க ஆசையாக் கிடக்கு."

நான் நம்பவில்லை. நான் நிற்காமல் தாண்டியிருக்க வேண்டிய மூன்றாவது கடையின் வாசலில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் கேட்டேன்.