அலுமாரிக்குள் போகாத நைட்ரோ கார்

"சூசை அண்ணை மோசம் போயிட்டார்" என்று எங்கள் ரிமோட் கார் கழகத் தலைவர் தொலைபேசியில் சொன்னார். வள்ளத்து எஞ்சினை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையில் இருந்தவர் பிறகு எழும்பவில்லையாம். நான் வாய் திறப்பதற்குள் தலைவரே தொடர்ந்தார்: "நினைவு மலருக்கு நீர்தான் எழுதவேணும். நல்லதா நாலு வரி." நாலு வரியில் அடங்குகிற கோபம் இல்லை எனக்கு. அதனால் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன். வெட்டாமல் போடுங்கள்.

அண்ணையை அறிந்த உங்களுக்கு அவருடைய வாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து தோட்டவெளிக்குத் திரும்பி வந்தவர். வெளிநாட்டு மச்சான் அனுப்பிய, எரிபொருளில் ஓடுகிற நைட்ரோ கார் ஒன்றைப் பிள்ளை மாதிரிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிவார். என்னிடம் இருந்தது பற்றரி கார். ஊருக்கு வெளியே உள்ள தரவை வெளியில் ஞாயிறுதோறும் எங்கள் இருவருக்கும் சண்டைதான். "உம்மட காரின்ர உயிர் கரண்ட் கந்தோரில இருக்கு. என்ர காரின்ர உயிர் என்ர போத்தலுக்க இருக்கு" என்பார். "உங்கட கார் ஓடினதைவிடப் பழுதாகி நிண்டதுதான் கூட, அண்ணை" என்பேன் நான். இரண்டுமே உண்மை. கரண்ட் நின்ற நாட்களில் நான் கைகட்டி நிற்பேன். மணல் புகுந்த நாட்களில் அவர் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலித்து நிற்பார். ஓடத் தொடங்கினால் மட்டும், மேய்கிற கழுதைகள் காதை மடித்துக்கொண்டு ஓடிவிடும். அப்படி ஒரு கீச்சுச் சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் எல்லாம் வந்தது. நானும் என் அக்காவும் வெள்ளாங்குளத்தார். யுத்தத்தின் கடைசிவரை வன்னிக்குள் இருந்து, பிறகு தோட்டவெளிக்கு வந்தவர்கள். அங்கே தலைக்கு மேல் ஆளில்லா விமானம் இதே மாதிரி இரைந்துகொண்டு சுற்றும். அதை நாங்கள் வண்டு என்போம். வண்டு வந்துபோனால் பின்னால் ஷெல் குண்டு வரும். அப்படி வந்த ஒன்றில்தான் அக்கா அத்தானை இழந்தாள். அண்ணை முதன்முதலாகத் தரவையில் எஞ்சினை முறுக்கியபோது, அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு நிலத்தில் குப்புற விழுந்தாள். முகாமில் இருந்த அண்ணைக்கு வண்டைப் பற்றி என்ன தெரியும்? எழுந்து நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரை ஏசினேன்.

அடுத்த ஞாயிறு அதே காரோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். "உங்களுக்கு அறிவிருக்கா?" என்று மறித்தேன். "நீர் தள்ளி நில்லும். நான் தங்கச்சியோட கதைக்க வந்தனான்" என்றார். காரை மேசையில் வைத்து, எரிபொருள் போகிற மெல்லிய குழாயை அக்காவுக்குக் காட்டினார்.

"சத்தம் வரும், தங்கச்சி. வேண்டாமெண்டால் இதை ரெண்டு விரலால நசுக்கு. நிண்டிடும்."

கயிற்றை இழுத்தார். அக்கா அழுதாள். நசுக்கினாள். எஞ்சின் இருமி நின்றது. வீடு முழுக்க நீலப் புகை. அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "திரும்ப எடுங்கோ, அண்ணை" என்றாள். போத்தல் முடியும்வரை அது நடந்தது. நான் மூலையில் நின்றேன். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு தரவையில் அவருக்கு எரிபொருள் ஊற்றியது அக்காதான். கயிற்றில் கை வைக்குமுன் "தங்கச்சி, எடுக்கட்டோ?" என்று கேட்பார். "ஓம், எடுங்கோ" என்று அவள் சொன்ன பிறகுதான் இழுப்பார். ஒருநாளும் தவறியதில்லை.

பிறகு கழகத்துக்கு ஒரு நன்கொடையாளர் பற்றரி கார்கள் தந்தார். கூட்டம் வைத்தீர்கள். "யுத்தத்தால பாதிக்கப்பட்ட எங்கட சகோதரிகளின்ர மனநிலையைக் கருதி" இனித் தரவையில் நைட்ரோ கூடாது என்றீர்கள். அந்தச் சகோதரி முன்வரிசைக் கதிரையில், எரிபொருள் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "தங்கச்சியை ஒருக்காக் கேளுங்கோ" என்றார் அண்ணை. "அவையளுக்குச் சொல்லத் தெரியாது. நாங்கள்தான் யோசிக்கவேணும்" என்றார் தலைவர். நான் கத்தினேன். தடைக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. பற்றரி நல்லதுதான், சத்தமில்லாதது, நான் இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறேன். ஆனால் என் காருக்கு வழிவிட என் அக்காவின் பயத்தைக் காரணம் காட்ட உங்களுக்கு யார் உரிமை தந்தது?

அண்ணை மீதும் கோபம்தான். யாருக்கும் அடங்காத மனிதர், அன்று காரைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். தரவைப் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் வாயை மூடினீர்கள் என்று வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "அது தங்கச்சி கதைக்கவேண்டிய கதை. அவளுக்காக நான் கதைச்சால் நானும் அவையளும் ஒண்டு" என்றார். அந்த நேரம் அது எனக்கு விளங்கவில்லை. கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

செத்தவீட்டில் கழகத்தின் பதாகை தொங்கியது. "எங்கள் மைதானத்தின் நாயகன்" என்று எழுதியிருந்தீர்கள். மைதானத்துக்குள் விடாத நாயகன்! காரைக் கழக அறையில் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கவேண்டும் என்று தலைவர் அண்ணையின் மனைவியிடம் கேட்டார். அண்ணி காரை எடுத்துவந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா சொன்னாள்: "அலுமாரி வேண்டாம். முப்பத்தோராம் நாள் பூசை முடியத் தரவைக்கு வாறன். காரும் வரும்."

"சனம் பயப்படுமே, பிள்ளை" என்றார் தலைவர்.

"நான்தான் அந்தச் சனம்" என்றாள் அக்கா.

கூட்டத்தில் அக்காவின் மடியில் இருந்த அண்ணையின் எரிபொருள் போத்தல் இப்போது என்னிடம் இருக்கிறது. அரைவாசிக்கு மேல் மீதி உண்டு. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அவர் கேட்ட அந்தக் கேள்வியும்தான். அன்றைக்கு எல்லோரும் வாருங்கள். எரிபொருளை நானே ஊற்றுவேன், "எடுக்கட்டோ?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டுக் கயிற்றை இழுப்பேன். எப்போது நிறுத்துவது என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.