டீச்சரம்மா மறைத்த படிப்பு

என் வீட்டுக் கீழ்த்தளத்து இரண்டு அறைகளிலும் இதுவரை பதினோரு மாணவர்கள் குடியிருந்து போயிருக்கிறார்கள். மாணவர்கள் என்றதும் முதுகில் பை மாட்டிய பொடிசுகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவனுக்குப் பாதித் தலை வழுக்கை. ஒருத்திக்கு மூட்டுவலி. எங்கள் பிலிப்பைன்ஸிலிருந்து கனடாவின் வின்னிபெக்குக்குப் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர், ஊரில் ஒரு வாழ்க்கையை வாழ்ந்து பார்த்துவிட்டு இன்னொன்றைத் தொடங்க வருகிறவர்கள். அந்தப் பதினோரு பேரில் என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவள் ரோவெனா. இன்றைக்கும் என் சமையலறைக்குள் நுழைந்ததும் கேட்காமலே பானையைத் திறந்து பார்க்கிறவளும் அவள்தான்.

வந்தபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. ஊரில் பதினான்கு வருடம் கணக்கு டீச்சர். கணவன் சரக்குக் கப்பலில் வேலை; வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் கிடப்பான். ஒன்பது வயது மகள் யெஸ்ஸாவை அக்கா ஃபெலியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஃபெலிக்குப் பிள்ளைகள் இல்லை. அவளும் அதே பள்ளியில் டீச்சர்தான். தங்கை கனடாவில் மேனேஜ்மென்ட் படிக்கிறாள் என்று மீன்காரியிலிருந்து பாதிரியார் வரை ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தாள்.

நானும் சும்மா இருந்தேனா? வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மாதா கோவில் வாசலில் நிறுத்தி, "இவங்க டீச்சர்" என்று எல்லோரிடமும் அறிமுகம் செய்தேன். அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் டீச்சரம்மா. அவள் வந்தால் எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு வரும். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் ஒரு வருடம், மேற்கே மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊரில் இருந்திருக்கிறாள். அங்கே என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, "ஒரு கோர்ஸ்ல சேந்தேன்க்கா, சரிப்படல" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இங்கே பழகிப்போன எங்கள் ஆட்களுக்கு மனப்பாடமான சட்டம் ஒன்று உண்டு. படிப்பு முடிந்தால் இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி தருவார்கள். ஒரு வருடம் படித்தால் ஒரு வருட அனுமதி. இரண்டு வருடம் படித்தால் மூன்று. ஒரே படிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒருவருடப் படிப்பு இரண்டை முடித்து இரண்டையும் சேர்த்துக் காட்டினாலும் மூன்றுதான். ஆனால் இந்த அனுமதி பிறவிக்கு ஒரே ஒரு தடவை. கடைசிப் படிப்பு முடிந்த தாள் கையில் வந்த ஆறு மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

ரோவெனாவுக்கு ஒன்றும் மூன்றும் வெறும் எண்ணிக்கை இல்லை. மூன்று வருடம் கிடைத்தால் மகளைக் கூட்டி வந்து பள்ளியில் சேர்க்கலாம், அதற்குள் நிரந்தரமாகத் தங்கவும் வழி பார்க்கலாம். ஒரு வருடத்தை நம்பி எந்தத் தாய் பிள்ளையின் பள்ளியை மாற்றுவாள்? தினமும் காலையில் மகளோடு போனில் பேசிவிட்டு வரும்போது அவள் கண்ணைப் பார்க்க எனக்கே தைரியம் வராது.

வின்னிபெக்கில் அவள் படித்த அலுவலக மேலாண்மைப் படிப்பு மே மாதம் முடிந்தது. ஜூனில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். 'உட்கார்ந்தோம்' என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களில் யாரும் இதைத் தனியாகச் செய்வதில்லை. என் தங்கை புருஷன் டென்சியோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஆனால் இந்த விண்ணப்ப விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு. லேப்டாப்பின் முன்னால் அவன். அவன் தோளுக்குப் பின்னால் ஆறு தலைகள். மேசையில் ஒரு தாம்பாளம் நிறைய பன்சித் நூடுல்ஸ். ரோவெனாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"படிப்பு முடிச்ச லெட்டர் குடு" என்றான் டென்சியோ. அவள் ஒரு தாளை உருவிக் கொடுத்தாள்.

"வேற ஏதாவது இருக்கா? இருந்தா ரெண்டையும் ஒரே ஃபைலா சேத்துத்தான் ஏத்தணும். ஒரு பெட்டிக்கு ஒரு ஃபைல்தான் எடுக்கும்."

ரோவெனா ஆறு தலைகளையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "அவ்ளோதான்ண்ணே" என்றாள்.

டென்சியோ சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினான். எல்லோரும் கைதட்டினோம். எவளோ ஒருத்தி பாட்டுப் பெட்டியையும் போட்டுவிட்டாள். ரோவெனா உறையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நூடுல்ஸ் சாப்பிட்டாள்.

ஜூலை நடுவில் ஒரு வருட அனுமதி வந்தது. அதற்கும் கைதட்டினோம். அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நான் கேக் வாங்கி வந்தேன். கேக்!

செப்டம்பர் கடைசியில் எங்கள் புனிதர் லொரென்சோவின் திருநாள். வருடாவருடம் என் வீட்டுக் கார் கொட்டகையில்தான் விருந்து. அந்த வருடம் டென்சியோ ஒரு பண்ணையிலிருந்து முழுப் பன்றியை இரண்டு பாதியாகப் பிளந்து வாங்கி வந்திருந்தான். துண்டு போட ஆள் வைத்தால் தண்டச் செலவாம், தானே பார்த்துக்கொள்வானாம். நான் போய்ப் பார்த்தபோது கையில் இரும்பறுக்கும் ரம்பம், நெற்றியில் வியர்வை. தொடை எலும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கூட இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், அது செத்துப்போச்சுடா. ஓடாது. விடுங்கடா!" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா. டெக்னிக் இருக்கு" என்றான் டென்சியோ.

சோற்றுப் பானையோடு உள்ளே வந்த ரோவெனா அப்படியே நின்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நல்ல சேலையை எவனோ கரித்துணியாக்குவதைப் பார்க்கிறவள் மாதிரி இருந்தது. பானையை வைத்தாள்.

"அண்ணே, அத மொதல்ல கீழ வைங்க."

"டீச்சரம்மா, இது கணக்கு இல்ல."

"வைங்கண்ணே!"

பதினான்கு வருடம் வகுப்பை அடக்கிய குரல். டென்சியோ ரம்பத்தை வைத்துவிட்டான். அவள் என்னிடம் ஒரு மெல்லிய கத்தியும் தீட்டுக்கல்லும் கேட்டாள். தலைமுடியைத் துணியால் கட்டினாள். கத்தியை நாலு இழுப்பு இழுத்து, கட்டைவிரலில் வைத்துப் பார்த்தாள். பிறகு பன்றியின் முன்காலைத் தூக்கி அடியில் விரலால் எதையோ தேடினாள், கத்தியை உள்ளே விட்டாள், ஒரு சுற்று. தோள் தனியாகக் கையோடு வந்தது. ஒரு சத்தமில்லை. பன்றியின் இடுப்பை வளைத்து, எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் முனையை வைத்து ஒரு அழுத்து. தொடை தனி. விலா தனி. கொழுப்பு தனி. அரை மணி நேரத்தில் இரண்டு பாதியும் துண்டுகளாகி வரிசையாகக் கிடந்தன. நாங்கள் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றோம்.

"இத எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

கத்தியைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னாள். "அந்தச் சின்ன ஊர்லக்கா. படிப்பே அதுதான். கறி வெட்டுற படிப்பு. ஃபீஸ் கம்மி, சீட்டும் சுலபமா கெடச்சுது."

"சரிப்படலன்னியே?"

"முடிச்சேன்க்கா. வகுப்புல மொத ஆளா முடிச்சேன்."

டென்சியோ மெதுவாகக் கேட்டான். "எத்தன மாசப் படிப்பு?"

"ஒரு வருஷம்."

"முடிச்ச லெட்டர் இருக்கா?"

"இருக்கு."

அவன் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "அடிப் பாவி! அன்னிக்கி அத்தன பேரு சுத்தி உக்காந்து கேட்டோமே! உன் மடியிலதான இருந்துச்சு? வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"அத்தன பேரு சுத்தி உக்காந்ததாலதான்க்கா சொல்லல" என்றாள். "டீச்சரம்மா, டீச்சரம்மான்னு எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறீங்க. கறி வெட்டப் படிச்சேன்னு எந்த வாயால சொல்லுவேன்? விஷயம் ஊருக்குப் போனா ஃபெலி அக்கா தெருவுல எப்படி நடப்பா? இந்த ஒரு வருஷம் முடியட்டும், அப்புறம் அந்த லெட்டர வச்சு யாருக்கும் தெரியாம இன்னொரு தடவ போட்டுக்கலாம்னு இருந்தேன்."

"இன்னொரு தடவையா?" என்றான் டென்சியோ. அவன் அவ்வளவு பரிதாபமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "இன்னொரு தடவையே கெடையாதும்மா. ஆயுசுக்கும் ஒரே தடவதான்."

கணக்கு டீச்சர் இல்லையா, அவளுக்குப் புரிய ஒரு நொடி போதுமாக இருந்தது. கத்தி கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. "அப்ப யெஸ்ஸா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் திட்டுவதை நிறுத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேர் மேலும் பன்றிக் கொழுப்பு.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருக்கிறோம். இவள் வெண்ணெயை ஒளித்து வைத்துவிட்டு நெய் கேட்காமலே இருந்தவள். ஆனாலும் ஆறு மாதக் கெடு இன்னும் முடியவில்லை. கொடுத்த முடிவைத் திரும்பப் பாருங்கள் என்று எழுதிக் கேட்கலாம், கேட்டால் கொடுத்தாலும் கொடுப்பார்கள், துரத்தினாலும் துரத்துவார்கள் என்றான் டென்சியோ. விருந்து ஒருபக்கம் வேக, மறுபக்கம் அதே மேசையில் அதே லேப்டாப்.

"கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிடுச்சு, அதான் ஃபைல் ஏறலன்னு எழுதுவோம்" என்றான்.

"வேணாம்ண்ணே" என்றாள் ரோவெனா. "மறைச்சுதான் இங்க வந்து நிக்கிறேன். நானே எழுதுறேன்."

எழுதினாள். நாலே வரி. நான் இரண்டு படிப்பு முடித்தவள். முதல் படிப்பு இறைச்சி வெட்டும் தொழில். பள்ளி ஆசிரியையான எனக்கு அதைப் பிறர் முன்னால் காட்ட வெட்கமாக இருந்ததால் இணைக்கவில்லை. இப்போது இரண்டு கடிதங்களையும் இணைத்துள்ளேன், சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். அதைச் சத்தமாக எல்லோருக்கும் படித்தும் காட்டினாள். முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. என் தங்கை மட்டும், "கறி ரொம்ப நல்லா வெட்டியிருக்கீங்க டீச்சரம்மா" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம், அவளும்தான்.

பிறகு ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் இந்த வட்டாரத்தில் எந்த வீட்டு விருந்து என்றாலும் அவளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர் கடையொன்றில் இறைச்சிப் பிரிவில் வேலையும் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஏதாவது சொல்லிச் சீண்டினால் ஒரு வார்த்தை பதில் வராது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. திருப்பிப் பேசாத ஆளை எத்தனை நாள்தான் திட்டுவது?

நவம்பரில், முதல் பனி கெட்டிப்பட்ட ஒரு காலையில், கீழ்த்தளத்திலிருந்து ஒரு கத்தல். யாரோ படியில் விழுந்துவிட்டார்கள் என்று ஓடினேன். அவள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "தேதியப் படிங்கக்கா. வருஷத்தப் படிங்க. எனக்குக் கண்ணு தெரியல." படித்தேன். மூன்று வருடம். "இன்னொரு தடவ." படித்தேன். ஐந்து தடவை படிக்க வைத்தாள், சனியன்.

"அக்காவுக்குச் சொல்லணும்" என்றாள். "கூட உக்காருங்க. எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

திரையில் ஃபெலி வந்தாள். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். ரோவெனா மூச்சு விடாமல் சொன்னாள்: கறி வெட்டும் படிப்பு, மறைத்தது, மாட்டிக்கொண்டது, மூன்று வருடம், இப்போது கடையில் பார்க்கிற வேலை. ஃபெலி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லட்டும், திரைக்குள்ளேயே கையை விட்டு அவள் தலைமுடியைப் பிடித்துவிடலாம் என்று தயாராக இருந்தேன்.

"கையக் காட்டு" என்றாள் ஃபெலி.

ரோவெனா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"விரல் பத்தும் இருக்குல்ல? அப்புறம் என்னத்துக்குடி ரெண்டு வருஷமா என்கிட்ட மறைச்ச, கழுத!" என்றாள். பிறகு, "மூணு வருஷமா?" என்று கேட்டாள்.

"மூணு வருஷம்க்கா."

"அப்ப யெஸ்ஸாவ கூட்டிக்குவ."

அது கேள்வி இல்லை. நான் அதுவரை இந்தப் பக்கத்தை நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருடமாகத் தலைவாரிவிட்டவள் இந்த ஃபெலிதானே. ஃபெலி திரையைவிட்டு முகத்தைத் திருப்பி, எதையோ தேடுகிற மாதிரி இருந்துவிட்டுத் திரும்பினாள்.

"பேனா எடு" என்றாள். "அவளுக்குக் காது சீக்கிரம் வலிக்கும். அந்தக் குளிர்ல காத மூடாம வெளிய விடாத. முட்டைய மஞ்சக்கரு கெட்டியாகுற வரைக்கும் வேக வை, இல்லன்னா தொடமாட்டா. கனவு கண்டு எந்திரிச்சா வெளக்கப் போடாத, முதுகத் தடவு, தூங்கிடுவா. எழுதுறியா?"

"எழுதுறேன்க்கா" என்றாள் ரோவெனா. தாள் முழுக்க நனைந்திருந்தது.

"அழுவாம எழுது. இன்னும் நெறைய இருக்கு" என்றாள் ஃபெலி.